காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்க!

ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்று முழுப் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்கிறவர் வெளியூர் ஆசாமி என்று இந்த ரூட் கண்டக்டர்களுக்கு நொடியில் தெரிந்துவிடும். உள்ளூர்க்காரர்களுக்கு அது ஆர்.கே.பேட்டை. இன்னும் அவசரமென்றால் வெறும் பேட்டை. திருத்தணியிலிருந்தும் போகலாம், சோளிங்கரிலிருந்தும் போகலாம். டிக்கெட்டைத் தமிழில் வாங்கிக்கொண்டு, மீதிச் சில்லறைக்குத் தெலுங்கில் சண்டை போடும் திறமைசாலிகளை இந்த பஸ்களில்தான் பார்க்க முடியும்.

ஆச்சரியமில்லை. திருத்தணி வட்டாரமே ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்ததுதான். ம.பொ.சி. முதலானவர்கள் வடக்கெல்லைக்காகப் போராடியதன் பலனாக, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி நம் பக்கம் வந்து சேர்ந்தது. தேதியைப் பார்த்துவிட்டு 'ஏப்ரல் ஃபூலோ' என்று சந்தேகப்பட வேண்டாம். நிஜமாகவே வந்துவிட்டது. முருகனும் 365 படிகளோடு கூடவே வந்துவிட்டார்.

அந்தத் தணிகை மலையில்தான் முருகன் ஒரு பெரியவர் வடிவில் வந்து முத்துஸ்வாமி தீட்சிதரின் வாயில் கற்கண்டைப் போட, அவர் தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது கர்ணபரம்பரைக் கதை. கர்ணம் என்றால் காது. காது வழியாகவே தலைமுறை தாண்டி வந்த கதை. இந்தக் கட்டுரையும் காதைப் பற்றித்தான் என்பதால் பிள்ளையார் சுழிக்குப் பதில் இந்தக் கற்கண்டு.

திருத்தணியில் சங்கீதம் என்றால் ஆர்.கே.பேட்டையில் வேறு மாதிரி கச்சேரி. பவர்லூம்! இந்த ஊரும் சுற்றியுள்ள அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை எல்லாமும் நெசவாளர் ஊர்கள். தெருவுக்குள் நுழைந்தால் வீட்டு நம்பர் தேட வேண்டாம், சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போகலாம். 'சட்டக்கு சட்டக்கு சட்டக்கு' என்று காலையில் ஆரம்பித்தால், கரண்ட் இருக்கும்வரை நிற்காது. மங்களம் பாடுவது மின்வாரியம் மட்டும்தான்.

நான் போனது, என்னோடு பி.காம். படித்த நண்பனின் மாமனார் வீட்டுக்கு. நண்பனுக்கு மாமா என்றால் எனக்கும் மாமா. முன் பக்கம் வீடு, பின் பக்கம் ஷீட் போட்ட கொட்டகை, அதில் நாலு தறி. மாமாவுக்கு அறுபதுக்கு மேல். பதினெட்டு வயசில் தறி ஓட்ட ஆரம்பித்தவர்.

"நல்லா இருக்கீங்களா மாமா?" என்றேன்.

"நேத்தே வந்துட்டானே!" என்றார்.

அவர் மருமகள் சிரித்துக்கொண்டே வந்து மொழிபெயர்த்தார். மாமாவின் காதைப் பற்றி அந்த வீட்டில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒருநாள் மருமகள், "மாமா, கடைக்குப் போறப்போ பருப்பு வாங்கிட்டு வாங்க" என்றிருக்கிறார். மாமா கர்மசிரத்தையாகப் போய் வாங்கி வந்தது கறுப்பு நூல். அன்றைக்கு வீட்டில் சாம்பார் இல்லை, ரசம்.

கேட்டதும் நானும் சிரித்தேன். நம் வாரப் பத்திரிகைகளின் ஜோக் பக்கத்தில் காது மந்தமானவருக்குக் காலம் காலமாக ஒரு ரிசர்வ் சீட் உண்டு. ஆனால் இந்தப் பருப்பு - கறுப்பு சமாசாரத்தை ஆராய்ச்சிசாலைக்காரர்கள் கேட்டால் சிரிக்க மாட்டார்கள், குறிப்பு எடுத்துக்கொள்வார்கள். ஏனென்றால் அதிலேயே நோயின் முகவரி இருக்கிறது.

கவனியுங்கள். மாமாவின் காதில் 'அ', 'உ' எல்லாம் சரியாகவே விழுந்திருக்கிறது. தொலைந்தது 'ப' மட்டும். உயிரொலிகள் கனமானவை, தாழ்ந்த சுருதியில் வரும். ச, ஷ, ஸ, த, க போன்றவற்றின் அடையாளமெல்லாம் மெல்லிய, உயர்ந்த சுருதியில் இருக்கிறது. அந்த உயரத்துக் காதுதான் மாமாவுக்குப் போய்விட்டது. பெரிய சத்தத்தால் கெடும் காது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் ஓட்டையாகும். பியானோவின் கடைசிக் கட்டை ஏறக்குறைய அந்தச் சுருதிதான். அதனால்தான் இவர்கள், "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியலை" என்பார்கள். மாமாவும் அதையேதான் சொன்னார்: "எனக்குக் காது நல்லாத்தான் இருக்குதுப்பா. இப்ப இருக்கற ஜனங்கதான் வாய்க்குள்ளயே பேசுது."

காதுக்குள் என்னதான் நடக்கிறது?

உள்காதில் பட்டாணி அளவுக்கு ஒரு நத்தைச் சுருள் இருக்கிறது. காக்ளியா என்று பெயர். இரண்டரைச் சுற்றுச் சுற்றியிருக்கும் அதைப் பிரித்து நீட்டினால் மூன்றரை சென்டிமீட்டர் இருக்கும். வாசல் பக்கம் உயர்ந்த சுருதி, உள்ளே போகப்போகத் தாழ்ந்த சுருதி. இதைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் காது டாக்டர் இல்லை, டெலிபோன் இலாகாக்காரர்! ஹங்கேரியின் புடாபெஸ்டில் தபால்தந்தித் துறை ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்த கியோர்க் வான் பெக்கெஷி. டெலிபோன் சரியாகக் கேட்க வேண்டுமென்றால் காது எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டுமே என்று ஆரம்பித்தார். இறந்தவர்களின் காதுச் சுருளைத் திறந்து, வெள்ளித் துகள்களைத் தூவி, சத்தம் கொடுத்து, உள்ளே அலை ஓடுவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். 1961ல் நோபல் பரிசு கிடைத்தது. (நம் ஊரில் டெலிபோன் சரியாகக் கேட்காவிட்டால் 'ஹலோ ஹலோ' என்று கத்துவதோடு சரி.)

அந்தச் சுருளுக்குள் வரிசை வரிசையாகச் சின்னச் செல்கள். தலையில் முடிக்கற்றை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதால் 'முடிச்செல்' என்று வைத்துக்கொள்வோம். ஒரு காதுக்குச் சுமார் 15,000. சத்த அலை வந்தால் இந்த முடி அசையும், அசைந்தால் மின்சாரம், அது நரம்பு வழியாக மூளைக்கு. இதில் உள் வரிசைக்காரர்கள் சேதி சொல்கிறவர்கள். வெளி வரிசைக்காரர்கள் ஆம்ப்ளிஃபயர்கள். இவை தாமே நீண்டும் சுருங்கியும் ஆடுகின்றன என்று 1985ல் கினியா பன்றியின் செல்லை வைத்துக் காட்டினார்கள். இந்த ஆட்டத்தின் உபரியாகக் காதிலிருந்தே மெல்லிய சத்தம் வெளியே வருகிறது என்று 1978லேயே லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்திருந்தார். ஆமாம், காது கேட்பது மட்டுமில்லை, பேசவும் செய்கிறது! பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று ஆஸ்பத்திரியில் சின்ன மைக்கை வைத்துச் சோதிப்பது இந்தச் சத்தத்தைக் கொண்டுதான்.

இப்போது தறிக்கு வருவோம். தறியில் நாடா ஓடும். இந்தப் பக்கம் ஓர் அடி அடித்தால் அந்தப் பக்கம் போய் முட்டும். திரும்ப அங்கே ஓர் அடி. நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல், மரமும் இரும்பும் மோதிக்கொள்கின்றன. நாலு தறி, மேலே ஷீட், சுற்றிலும் வெறும் சுவர் என்றால் சத்தம் வெளியே போகாமல் திரும்பத் திரும்ப வந்து நம்மையே அடிக்கும். விசைத்தறிக் கூடங்களில் சத்தத்தை அளந்தவர்களுக்கெல்லாம் 90க்கு மேல், 100 டெசிபலை ஒட்டித்தான் வந்திருக்கிறது.

நான் காமர்ஸ்காரன். டெசிபல் கணக்கு எனக்குக் கூட்டு வட்டி மாதிரிதான் புரிந்தது. மூன்று டெசிபல் கூடினால் சத்தத்தின் சக்தி இரட்டிப்பு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்கிறது அமெரிக்கத் தொழில்சார் ஆரோக்கிய ஆராய்ச்சி நிறுவனம் 1998ல் செய்த சிபாரிசு. 88 என்றால் நாலு மணி. 91 என்றால் இரண்டு. இப்படியே பாதிப்பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், 100 டெசிபலில் கால் மணி நேரம்! அதாவது மாமா காலையில் தறியை ஓட்டிவிட்டு, முதல் டீ குடிப்பதற்குள் அன்றைய கோட்டா தீர்ந்துபோகும். மீதியெல்லாம் ஓவர்டிராஃப்ட். நாற்பது வருஷ ஓவர்டிராஃப்ட்.

சரி, முடி கொட்டினால் மறுபடி முளைக்காதா? தலையில் கொட்டும் முடிக்கு டிவியில் ஆயிரம் எண்ணெய் விளம்பரம். காதுக்குள் கொட்டும் முடிக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. மனுஷனுக்கும் மற்றப் பாலூட்டிகளுக்கும் செத்த முடிச்செல் செத்ததுதான்.

ஆனால் கோழிக்கு அப்படியில்லை. 1988ல் 'சயன்ஸ்' இதழில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் அடுத்தடுத்து எழுதின. பெரிய சத்தத்தால் காதின் முடிச்செல்களை இழந்த கோழிக்கும் காடைக்கும் புது செல்கள் முளைத்தன! பக்கத்தில் சும்மா முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த செல்கள் பிரிந்து, காலியான இடத்தை நிரப்பின. மிலிட்டரி ஓட்டல் மெனு கார்டில் இருப்பவற்றுக்கெல்லாம் கடவுள் இந்த வரத்தைக் கொடுத்துவிட்டு, மெனு கார்டைப் படிக்கிறவனுக்குக் கொடுக்கவில்லை.

அதே வரத்தை மருந்தாக வாங்க முடியுமா என்றுதான் அன்றிலிருந்து பாடுபடுகிறார்கள். அமெரிக்காவில் நம்பிக்கையோடு சோதித்த ஒரு மருந்து, 2023ல் கடைசியில் வெறும் ஊசிக்கு மேல் பலன் தரவில்லை என்று கைவிடப்பட்டது. 2024ல் ஷாங்காயிலிருந்து ஒரு நல்ல சேதி வந்தது. பிறவியிலேயே ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறால் காது கேட்காத ஆறு குழந்தைகளுக்கு நல்ல மரபணுவை உள்காதில் செலுத்த, ஐந்து குழந்தைகளுக்குக் கேட்க ஆரம்பித்தது. மகத்தான காரியம். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு முடிச்செல் இருந்தது, வேலை செய்யாமல் இருந்தது. மாமாவுக்கு செல்லே இல்லை. பூட்டிய கடையைத் திறப்பது வேறு, இடிந்த கடையைக் கட்டுவது வேறு.

இன்னொரு சேதி வயிற்றைக் கலக்கும். 2009ல் பாஸ்டனில் குஜாவா, லிபர்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சுண்டெலிகளை 100 டெசிபல் சத்தத்தில் இரண்டே மணி நேரம் வைத்தார்கள். காது அடைத்தது. இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டது. சோதனையில் எல்லாம் நார்மல். முடிச்செல்களும் பத்திரம். ஆனால் உள்ளே பார்த்தால், உயர்ந்த சுருதிப் பகுதியில் செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே இருக்கும் இணைப்புகளில் ஏறக்குறைய பாதி போயே போச்சு! 'ரெண்டு நாள் ஙொய்னு இருந்துச்சு, அப்புறம் சரியாயிடுச்சு' என்று நாம் சொல்லிக்கொள்வதெல்லாம் எந்த அளவுக்குச் சரி என்று யோசிக்க வைக்கிற எலி.

தறிக்காரர்களின் காதை உலகம் இன்றைக்கு நேற்றா கவனிக்கிறது? இங்கிலாந்தில் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் சத்தத்துக்கு நடுவே உதட்டை அகல அசைத்து, கை ஜாடை சேர்த்துப் பேசுவதற்கென்றே ஒரு பாணி வைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தின் டண்டி நகரம், நம் வங்காளத்திலிருந்து கப்பலில் போன சணலை நெய்து பிழைத்த ஊர். அங்கே சணல் தறி ஓட்டிய பெண்களின் காதைச் சோதித்து 1965ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதில் தெரிந்தது இதுதான்: உயர்ந்த சுருதியில் பெரிய சேதம் முதல் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள்ளேயே நடந்துவிடுகிறது. பேச்சு புரியும் சுருதிகள் அப்புறம் பல வருஷம் கழித்துச் சரிகின்றன. அதாவது, 'காது மந்தமாகுதே' என்று ஐம்பது வயசில் கவலைப்படுகிறவருடைய காது, முப்பது வயசிலேயே திருட்டுப்போய்விட்டது. எஃப்.ஐ.ஆர். மட்டும் லேட்!

சட்டம் என்ன செய்கிறது? நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்று வரம்பு எழுதினார்கள். தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, சத்தத்தால் வரும் செவிட்டுத்தன்மையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் இத்தனை பேர் வேலை செய்தால்தான் ஃபேக்டரி என்று சட்டத்துக்கு ஒரு தலைக்கணக்கு இருக்கிறது. வீட்டுப் பின்கட்டில் நாலு தறி வைத்து அப்பா, அம்மா, பிள்ளை ஓட்டினால் அது ஃபேக்டரி இல்லை, குடும்பம். குடும்பத்துக்குள் சத்தம் போட்டால் எந்த இன்ஸ்பெக்டர் வருவார்?

"அப்போ காதுல ஏதாச்சும் வெச்சுக்கலாமே மாமா?" என்று அவர் காதருகே போய்க் கேட்டேன்.

"பஞ்சு வெப்போம்ப்பா. அப்புறம் அதுவும் உட்டுப்போச்சு" என்றார்.

நெசவாளர் ஊரில் பஞ்சுக்கா பஞ்சம்! ஆனால் வெறும் பஞ்சு காதில் காற்றைத்தான் தடுக்கும், சத்தத்தை ஏதோ கொஞ்சம்தான் குறைக்கும். நுரை ரப்பர் மாதிரி இருக்கும் காதடைப்பான் மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை விரலில் உருட்டி மெல்லிசாக்கி, காதின் மேல் நுனியைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, விரிந்து நிரம்பும்வரை அரை நிமிஷம் விரலை வைத்திருக்க வேண்டும். சரியாக வைத்தால் பதினைந்து, இருபது டெசிபல் குறையும். 100ல் பதினைந்து போனால் 85. கால் மணி கோட்டா எட்டு மணி நேரமாகிறது. இதைவிட லாபமான முதலீடு எந்த பாங்க்கிலும் கிடையாது.

"அதை வெச்சா இழை அறுந்தா தெரியாதே, தறி சத்தம் மாறுறது கேக்காதே" என்பது தறிக்காரர்களின் நியாயமான கேள்வி. இதற்கும் பதில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய சத்தத்தில் அடைப்பான் வைத்தால் தறியும் குறையும், பேச்சும் குறையும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே இருக்கும். நல்ல காதுள்ளவருக்குப் பேச்சு கெடாது, சில சமயம் முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும். ஆனால் ஏற்கெனவே காது மந்தமானவருக்கு அடைப்பான் வைத்தால் பேச்சு இன்னும் கஷ்டம். இதிலிருந்து என்ன தெரிகிறது? இது மாமா வைக்க வேண்டிய சாமான் இல்லை. மாமாவுக்குப் பதினெட்டு வயசில் வைத்திருக்க வேண்டியது.

மாமா மாதிரிப் பெரியவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுக்கிறார்கள். எந்தச் சுருதியில் எவ்வளவு போச்சு என்று படம் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தகுதியுள்ளவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத் துறை காதுக் கருவியும் தருகிறது. மைசூரில் 1965ல் ஆரம்பித்த அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இதற்கென்றே ஆட்களைப் படிக்க வைத்து அனுப்புகிறது. கண்ணாடி போட்டால் கவுரவம், காதில் மிஷின் போட்டால் அவமானம் என்கிற நம் கணக்குதான் இடிக்கிறது.

வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்து, காதைச் செல்வக் கணக்கில் சேர்த்தவர். பேலன்ஸ் ஷீட் தெரிந்த மனுஷர்! மாமா வீட்டுக் கணக்கு நோட்டையும் நண்பன் எனக்குக் காட்டினான். தறிக்கு எண்ணெய்ச் செலவு, பெல்ட் மாற்றியது, நாடா வாங்கியது எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருக்கிறது. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவச மின்சாரம் என்று 2023ல் அரசு உயர்த்தியதும் கணக்கில் வந்திருக்கிறது. காது மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. தறிக்குத் தேய்மானம் போடுகிறோம், தறிக்காரருக்குப் போடுவதில்லை. இழை அறுந்தால் முடிச்சுப் போட மாமாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். காதுக்குள் அறுந்ததை முடிச்சுப் போட பாஸ்டனிலும் ஆள் இல்லை.

சாயங்காலம் கரண்ட் போனது. தெரு முழுக்கத் திடீரென்று அமைதி. வேப்பமரத்துக் காக்கா சத்தம்கூடக் கேட்டது, மாமாவைத் தவிர மற்ற எல்லோருக்கும். சென்னையிலிருந்து நண்பனின் ஐந்து வயசு மகள் போன் செய்தாள், தாத்தாவிடம் பேச வேண்டுமாம். மாமா போனை வாங்கி, "சாப்ட்டியா கண்ணு? நல்லா படிக்கிறியா கண்ணு?" என்று இரண்டு கேள்வி கேட்டார். பதிலுக்குக் காத்திருந்து, சிரித்துவிட்டு, போனை மகளிடம் கொடுத்தார். அந்தக் குழந்தை என்ன கேட்டாள் என்பது எங்களுக்கு ஸ்பீக்கரில் கேட்டது. "தாத்தா, ஏன் எப்பப் பாத்தாலும் இதையே கேக்கறீங்க?"

சின்னக் குழந்தையின் குரல் மெல்லியது, சுருதி அதிகம். முதலில் கைவிட்டுப் போவது அதுதான்.

மாமாவுக்கு இருபத்திரண்டு வயசில் ஒரு பையன். இப்போது நாலு தறியும் அவன் பொறுப்பு. காதில் எப்போதும் இயர்போன். தறி சத்தத்தை அமுக்கப் பாட்டை ஃபுல் வால்யூமில் வைப்பானாம். நூறுக்கு மேல் இன்னொரு நூறு! என் பையிலிருந்த ஒரு ஜோடி காதடைப்பானை எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். உருட்டிப் பார்த்தார். அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. மகனைக் கூப்பிட்டு, கையில் வைத்து, "போட்டுக்கடா. நாளைக்கு உன் புள்ள பேசறது உனக்குக் கேக்கணும்" என்றார்.

அதற்குள் கரண்ட் வந்து, பக்கத்து வீட்டுத் தறி ஓட ஆரம்பித்தது. பையன் ஒரு காதிலிருந்து இயர்போனை உருவிவிட்டுக் கேட்டான்:

"இன்னா சொன்னே நைனா?"